குறைந்த செலவில் சுற்றுச்சூழல் பொறியியல்: கல்லூரியை எங்கிருந்து தேடத் தொடங்குவது?

பிளஸ் டூ முடிவு வந்த கையோடு இந்தக் கேள்வியுடன் வரும் பிள்ளைகள் உண்டு: "சுற்றுச்சூழல் பொறியியல் படிக்கணும், செலவு குறைவா எந்தக் கல்லூரி நல்லது?" நொய்யலில் சாயம் ஓடியதைப் பார்த்து வளர்ந்தவர்கள், பாலாற்றங்கரையில் தோல் தொழிற்சாலைக் கழிவால் கிணறு கெட்டுப்போன ஊர்க்காரர்கள், 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள். இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று இவர்களிடம் கேட்கத் தேவையில்லை. இவர்களில் பலர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறுபவர்கள் என்பதால், பதில் சொல்பவர் பொறுப்போடு சொல்ல வேண்டும். நான்கு வருடப் பணமும் வயதும் அதில் இருக்கிறது.

என் பதில் இதுதான். தமிழ்நாட்டு மாணவர் ஒருவருக்கு மிகக் குறைந்த செலவில் அமையும் வழி, பெரும்பாலும் 'சுற்றுச்சூழல் பொறியியல்' என்று பெயர் போட்ட இளநிலைப் பட்டத்தில் தொடங்குவதில்லை. அரசுக் கல்லூரி ஒன்றில் சிவில் அல்லது கெமிக்கல் படித்து, முதுநிலையில் உதவித்தொகையோடு சுற்றுச்சூழல் பொறியியலுக்குள் போவதுதான் அந்த வழி. விதிவிலக்குகள் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

இப்படி ஆனதற்குக் காரணம் இந்தத் துறை வளர்ந்த விதம். குடிநீர் கொண்டுவருவது, கழிவுநீரை வெளியேற்றுவது, காலராவைத் தடுப்பது என்று பொதுச் சுகாதாரப் பொறியியலாக, சிவில் துறையின் ஒரு கிளையாகத்தான் இது நம் நாட்டில் இருந்தது. நாக்பூரில் இன்று நீரி என்று எல்லோரும் அறிந்த ஆய்வு நிறுவனமே 1958-ல் 'மத்தியப் பொதுச் சுகாதாரப் பொறியியல் ஆய்வு நிறுவனம்' என்ற பெயரில்தான் தொடங்கப்பட்டது. 1974-ல் அதற்கு இப்போதைய பெயர் வந்தது. அதே ஆண்டு தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம், 1981-ல் காற்று மாசுத் தடுப்புச் சட்டம், 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் என்று வரிசையாக வந்தன. தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் 1982-ல் அமைந்தது. சட்டமும் வாரியமும் வந்தபோது வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள் ஏற்கெனவே இருந்த சிவில், கெமிக்கல் பட்டதாரிகள். வேலை விதிகளும் அவர்களை மனத்தில் வைத்தே எழுதப்பட்டன.

இன்றைக்கும் அந்தத் தடம் மறையவில்லை. குடிநீர் வடிகால் வாரியம், சென்னைக் குடிநீர் வாரியம், மாநகராட்சிகள் ஆகியவற்றின் உதவிப் பொறியாளர் பணிக்கு முதலில் பார்ப்பது சிவில் பட்டத்தை. மாசு கட்டுப்பாட்டு வாரியத்தில் சிவிலுடன் கெமிக்கலும், சுற்றுச்சூழல் சார்ந்த முதுநிலைப் பட்டங்களும் சேரும். அறிவிப்பில் உங்கள் பட்டத்தின் பெயர் அச்சு அசலாக இல்லை என்றால், அது இதற்கு இணையானது என்று சொல்லும் அரசாணை இருக்கிறதா என்ற கேள்வி வரும். பாடத்திட்டம் முக்கால்வாசி ஒன்றாகவே இருந்தும், இணைத்தன்மை அரசாணை இல்லாததால் விண்ணப்பம் தள்ளுபடி ஆவது தமிழ்நாட்டில் புதுப் பெயர் கொண்ட பல பட்டங்களுக்கும் இருக்கும் சிக்கல். எனவே 'பி.இ. சுற்றுச்சூழல்' என்ற பெயர் மட்டும் பார்த்துச் சேர நினைப்பவர், மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் கடைசி ஆள்சேர்ப்பு அறிவிப்பை எடுத்து, கல்வித் தகுதிப் பகுதியை ஒருமுறை வரி விடாமல் படித்துவிட வேண்டும். ஒரு மணி நேர வேலைதான்.

இந்தப் பெயரில் இளநிலை நடத்தும் தனியார் கல்லூரிகள் தமிழ்நாட்டில் மிகச் சில. அவற்றில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. சேர்க்கை குறைந்தால் ஓரிரு வருடத்தில் கல்லூரி அந்தப் பிரிவையே மூடிவிடலாம். ஏற்கெனவே சேர்ந்தவர்கள் படிப்பை முடித்து வெளியே வருவார்கள். ஆனால் ஜூனியர் இல்லாத துறைக்குப் புது ஆசிரியரையோ புதுக் கருவியையோ நிர்வாகம் வாங்கித் தரும் என்று எதிர்பார்க்க முடியாது.

கோவை வேளாண் பல்கலைக்கழகம் 'எனர்ஜி அண்ட் என்விரான்மென்டல் இன்ஜினியரிங்' என்று ஒரு பி.டெக். நடத்திவந்திருக்கிறது. அரசு நிறுவனம் என்பதால் தனியாரோடு ஒப்பிடக் கட்டணம் குறைவு. ஆனால் அதற்குப் பொறியியல் கலந்தாய்வில் இடம் கிடைக்காது, வேளாண் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அந்தந்த ஆண்டு அறிவிப்பில் அந்தப் பாடப்பிரிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

பணக் கணக்கு

தமிழ்நாட்டில் பொறியியல் படிப்பின் செலவைத் தீர்மானிப்பது இரண்டு விஷயங்கள்: எந்த வகைக் கல்லூரி, எந்த வழியில் சேர்ந்தீர்கள். இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை.

கட்-ஆஃப் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். கணிதம் 100-க்கு, இயற்பியல் 50-க்கு, வேதியியல் 50-க்கு, ஆக 200. கணிதத்தில் 82, இயற்பியலில் 74, வேதியியலில் 80 எடுத்தவருக்கு 82, 37, 40 சேர்ந்து 159 வரும். இந்த மதிப்பெண்ணுக்குக் கணினி சார்ந்த பிரிவுகள் நல்ல கல்லூரிகளில் எட்டாக்கனியாக இருக்கலாம். ஆனால் சிவிலுக்கு அந்த அளவு போட்டி இல்லை. ஐ.டி. மோகத்தால் சிவில் பக்கம் கூட்டம் குறைந்திருப்பது சுற்றுச்சூழல் துறைக்குப் போக நினைப்பவருக்கு ஒரு வாய்ப்பு. கணினிப் பிரிவுக்குக் கிடைக்காத அரசுக் கல்லூரி சிவிலுக்குக் கிடைக்கும்.

அரசுக் கல்லூரி என்றால் கோவை ஜி.சி.டி., சேலம், காரைக்குடி அழகப்பா, திருநெல்வேலி, வேலூர் பாகாயம், பர்கூர், போடிநாயக்கனூர், தர்மபுரி, தஞ்சாவூர் செங்கிப்பட்டி, ஸ்ரீரங்கம், ஈரோடு. இங்கே கல்விக் கட்டணம் வருடத்துக்குச் சில ஆயிரம் ரூபாயில் முடியும். உண்மையான செலவு விடுதியும் மெஸ் பில்லும்தான். மாதச் செலவை மாணவர் தலைக்கு வகுக்கும் முறைதான் பெரும்பாலும் இருக்கும், அதனால் தனியார் விடுதியைவிட நன்றாகவே குறையும். வீட்டிலிருந்து போய்வர முடிகிற அரசுக் கல்லூரி கிடைத்தால் அதற்கு ஈடே இல்லை. அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் பாடப்பிரிவுக்குக் கட்டணம் குறைவு. ஆனால் அதே வளாகத்தில் அதே துறை சுயநிதிப் பிரிவாகவும் நடக்கும். கலந்தாய்வுப் பட்டியலில் அவை தனித்தனியாக வரும் என்பதால், சாய்ஸ் ஃபில்லிங் செய்யும்போது எது எது என்று பார்த்துப் போட வேண்டும்.

தனியார் சுயநிதிக் கல்லூரிகளுக்குக் கட்டணக் குழு 2017-ல் நிர்ணயித்தது இது: கலந்தாய்வு வழியாக வந்தவருக்கு வருடத்துக்கு 50,000 ரூபாய், என்.பி.ஏ. என்ற தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவு என்றால் 55,000. மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு 85,000, அங்கீகாரம் இருந்தால் 87,000. ஒரே வகுப்பறை, ஒரே ஆசிரியர், ஒரே பட்டம். அங்கீகாரம் இல்லாத பிரிவில் நான்கு வருடத்தில் வித்தியாசம் 1,40,000 ரூபாய். கலந்தாய்வில் அந்தக் கல்லூரி கிடைத்திருக்கும் என்று தெரியாமலேயே, மே மாதத்தில் அட்வான்ஸ் கட்டி சீட்டைப் 'பிடித்து வைக்கும்' குடும்பங்கள் இழப்பது இந்தப் பணத்தைத்தான். அதோடு சலுகைகளும் போகின்றன.

சலுகைகள் சாதாரணமானவை அல்ல. வீட்டில் தாத்தா பாட்டி தொடங்கி அண்ணன் அக்கா வரை யாரும் பட்டதாரி இல்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ் கிடைக்கும். சுயநிதிக் கல்லூரியிலும் அதன் மூலம் வருடத்துக்கு 25,000 ரூபாய் கழியும், ஆனால் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்திருக்க வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு 2021-ல் கொண்டுவந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அந்த வழியில் இடம் பெற்றவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ. என்ற அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் கல்விக் கட்டண விலக்குத் திட்டத்தில் 5 சதவீதக் கூடுதல் இடங்கள். இதுபோக அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய். இவை எல்லாவற்றுக்கும் சான்றிதழ்கள் விண்ணப்பிக்கும்போதே கையில் இருக்க வேண்டும். முதல் பட்டதாரி, வருமானம், சாதி, இருப்பிடம் என்று இ-சேவை மையத்தில் வரிசை நீள்வது தேர்வு முடிவுக்குப் பிறகுதான். ஏப்ரலிலேயே போட்டுவிட்டால் நிம்மதி.

கட்டணக் குழு சொல்வது கல்விக் கட்டணத்தைத்தான். தனியார் கல்லூரிகளில் பணம் கரைவது மற்ற இடங்களில்: பேருந்து, விடுதி, சீருடை, 'பிளேஸ்மென்ட் டிரெய்னிங்', ஆய்வகம், நூலகம், பல்கலைக்கழகத் தேர்வு. சில கல்லூரிகளில் கல்லூரிப் பேருந்தில்தான் வர வேண்டும் என்று கட்டாயம் வேறு. ஆகவே சேரும் முன் நான்கு வருடத்துக்கும் சேர்த்து, இனம் இனமாக, எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்லும் 'மொத்தமா இவ்வளவுதான் ஆகும்' என்பதை நம்பிக் கையெழுத்துப் போடக் கூடாது. நிர்ணயித்ததற்கு மேல் வசூலிப்பது 1992-ம் ஆண்டு நன்கொடைத் தடைச் சட்டப்படி குற்றம், ரசீது இருந்தால் கட்டணக் குழுவிடம் புகார் கொடுக்கலாம். ரசீது தர மறுக்கும் பணம் எதுவானாலும் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்தக் கலந்தாய்வுக்கு வெளியே இருப்பவை. முதல் பட்டதாரிச் சலுகை அங்கே செல்லாது, கட்டணமும் லட்சங்களில். கடன் வாங்கித்தான் சேர முடியும் என்றால் இந்தத் துறைக்கு அங்கே போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தொடக்கச் சம்பளம் ஐ.டி. அளவுக்கு இல்லாத துறை இது, முதல் சில வருடங்களில் பெரிய தவணை கழுத்தை நெரிக்கும்.

ஆய்வகக் கதவைத் திறந்து பாருங்கள்

செலவு குறைவு என்பதற்காக எதுவும் நடக்காத கல்லூரியில் சேர்ந்தால் அதுதான் மிகப் பெரிய செலவு. சுற்றுச்சூழல் பொறியியலைப் பொறுத்தவரை கல்லூரியை எடைபோட ஒரு நல்ல வழி, அதன் நீர்ப் பகுப்பாய்வு ஆய்வகத்தைப் பார்ப்பது. சிவில் துறை இருக்கும் கல்லூரியில் அது இருந்தாக வேண்டும்.

உள்ளே போனதும் பி.ஓ.டி. இன்குபேட்டரைத் தேடுங்கள். பார்க்கக் குளிர்சாதனப் பெட்டி போல இருக்கும். கழிவுநீரில் உள்ள கரிமப் பொருளை நுண்ணுயிர்கள் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படுகிறது என்பதை அளக்கும் சோதனைக்கு உரியது. 300 மில்லி கண்ணாடிக் குப்பிகளில் காற்றுக் குமிழி புகாமல் நிரப்பி மூடி, 20 டிகிரியில் 5 நாள் வைப்பார்கள். நம் நாட்டுத் தர முறைப்படி 27 டிகிரியில் 3 நாள். எப்படியானாலும் ஒரு பீரியடில் முடிகிற வேலை இல்லை. திங்கட்கிழமை வைத்தவர்கள் சனிக்கிழமை வந்து டைட்ரேஷன் செய்ய வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் ஜெனரேட்டர் வேண்டும். அந்தப் பெட்டி ஓடுகிறதா, உள்ளே குப்பிகள் இருக்கின்றனவா, பக்கத்தில் தேதி போட்ட பதிவேடு இருக்கிறதா? சுவிட்ச் அணைந்து, உள்ளே பழைய ரெக்கார்டு நோட்டுகள் அடுக்கியிருந்தால் அந்தச் சோதனை அங்கே கரும்பலகையில்தான் நடக்கிறது.

அப்புறம் சி.ஓ.டி., நுண்ணுயிருக்குப் பதில் வேதிப்பொருளைக் கொண்டு அந்த ஆக்சிஜன் தேவையை அளக்கும் சோதனை. இதற்கு வெள்ளி சல்பேட் தேவை. விலை அதிகம் என்பதால், சிக்கனம் பார்க்கும் நிர்வாகம் முதலில் நிறுத்துவது இதைத்தான். லேப் அசிஸ்டன்ட் ஒருவரிடம் பணிவாகக் கேட்டால் கடைசியாக எப்போது வாங்கினோம் என்று சொல்லிவிடுவார். வரிசையாக ஆறு பீக்கர் வைத்து, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவு படிகாரம் போட்டுக் கலக்கி, கலங்கல் எதில் நன்றாகப் படிகிறது என்று பார்க்கும் ஜார் டெஸ்ட் கருவியும் இருக்க வேண்டும். எந்த ஊர்க் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனாலும் மழைக்காலத்தில் அன்றாடம் நடப்பது இந்தச் சோதனைதான். இதைக் கையால் செய்யாமலேயே பட்டம் வாங்குபவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். மக்கள் குடிக்கும் தண்ணீர் அது.

காகிதச் சான்றுகளில் இரண்டைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நாக் தரம் முழுக் கல்லூரிக்கும் தரப்படுவது. என்.பி.ஏ. ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனி. வாசலில் பெரிய பலகையில் நாக் தரம் எழுதியிருக்கும், நீங்கள் சேரப்போகும் துறைக்கு என்.பி.ஏ. இருக்காது. அண்ணா பல்கலைக்கழகம் செமஸ்டர்தோறும் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது, அதையும் பாருங்கள். ஆசிரியர் பட்டியலை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். ஒரே நபரைப் பல கல்லூரிகளில் முழுநேரப் பேராசிரியராகக் காட்டிய மோசடியை 2024-ல் அறப்போர் இயக்கம் வெளிக்கொண்டுவந்தது, பல்கலைக்கழகமும் விசாரித்து உறுதிசெய்தது. அங்கே படிக்கும் இரண்டாம் வருட மாணவர் இருவரிடம் பேசினால் எந்தப் பாடத்துக்கு யார் வருகிறார், யார் வருவதில்லை என்று தெரிந்துவிடும்.

வெளிமாநிலம்

இந்தப் பெயரிலேயே பட்டம் வேண்டும், நல்ல நிறுவனத்திலும் வேண்டும் என்பவர்களுக்கு ஜார்க்கண்டின் தன்பாத் ஐ.ஐ.டி. முக்கியமானது. சுரங்கக் கல்லூரியாகப் புகழ்பெற்ற அங்கே சுற்றுச்சூழல் பொறியியலில் பி.டெக். இருக்கிறது. ஐ.ஐ.டி.களின் கல்விக் கட்டணம் 2016 முதல் வருடத்துக்கு 2 லட்சம் என்பதைக் கேட்டதும் பலர் பயந்து ஒதுங்கிவிடுகிறார்கள். ஆனால் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் முழுவதும் விலக்கு. குடும்ப வருமானம் 1 லட்சத்துக்குக் கீழே இருந்தால் எந்தப் பிரிவினருக்கும் முழு விலக்கு, 1 முதல் 5 லட்சத்துக்குள் இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு விலக்கு. அதாவது கலந்தாய்வு வழியாகத் தனியார் கல்லூரியில் சேர்பவர் கட்டுவதிலிருந்து பெரிய தூரத்தில் இல்லை. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுதும் தயாரிப்பு இருந்தால் இதை விருப்பப் பட்டியலில் இருந்து விட்டுவிடாதீர்கள்.

டெல்லி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் இந்தப் பட்டம் உண்டு. ஆனால் 85 சதவீத இடங்கள் டெல்லிக்காரர்களுக்கு, கட்டணமும் நம் ஊர் அரசுக் கல்லூரியோடு ஒப்பிடவே முடியாது. அகமதாபாத் எல்.டி. பொறியியல் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவு, அது பெரும்பாலும் குஜராத் மாணவர்களுக்கே பயன்படும். மைசூரு ஜே.எஸ்.எஸ்.ஸில் இந்தப் படிப்பு நெடுங்காலமாக நடக்கிறது என்றாலும் தனியார் கட்டணம்.

முதுநிலைதான் திருப்பம்

சிவில் படித்துவிட்டால் சுற்றுச்சூழல் எப்போது வரும் என்று கேட்கலாம். சிவில் பாடத்திட்டத்திலேயே நீர் வழங்கல், கழிவுநீர்ப் பொறியியல் பாடமும் அதற்கான ஆய்வகமும் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் 'என்விரான்மென்ட் அண்ட் சஸ்டெய்னபிலிட்டி' என்று ஒரு மைனர் பட்டமே, அதாவது முதன்மைப் பாடத்தோடு கூடுதலாகப் படிக்கும் துணைப் பட்டம், இருந்தது. இப்போது அப்படி ஒன்று இருக்கிறதா, கல்லூரி அதை நடத்துகிறதா என்று சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு கேட் (GATE), முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான தேசிய அளவிலான தேர்வு. 2021 முதல் கேட் தேர்வில் 'சுற்றுச்சூழல் அறிவியல் மற்றும் பொறியியல்' தனித் தாளாகவே வந்துவிட்டது. கேட் தகுதியோடு ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் எம்.இ. சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. 24 மாதத்துக்கு 2,97,600 ரூபாய். அரசுக் கல்லூரியில் பி.இ.க்கு ஆன மொத்தச் செலவே பலருக்கு இந்தத் தொகைக்குள் அடங்கிவிடும். கிண்டி பொறியியல் கல்லூரியில் சுற்றுச்சூழல் ஆய்வு மையம் இருக்கிறது. கோவை ஜி.சி.டி.யிலும் மதுரை தியாகராசர் கல்லூரியிலும் எம்.இ. சுற்றுச்சூழல் பொறியியல் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் சிவில் துறைக்குள்ளேயே சுற்றுச்சூழல், நீர்வளப் பிரிவு வலுவானது. கேட் மதிப்பெண் போதாதவர்களுக்கு மாநில அளவிலான சீட்டா நுழைவுத் தேர்வு இருக்கிறது. உதவித்தொகை கிடைக்காது, ஆனால் கட்டணம் குறைவான இடம் கிடைக்கும்.

பத்தாம் வகுப்போடு செலவு நெருக்குகிற குடும்பத்துக்கு இன்னும் மலிவான பாதை ஒன்று உண்டு. அரசு பாலிடெக்னிக்கில் சிவில் அல்லது கெமிக்கல் டிப்ளமோ, பிறகு நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ. டிப்ளமோ முடித்த கையோடு ஒரு சுத்திகரிப்பு நிலையத்தில் ஷிப்ட் ஆபரேட்டராகச் சேர்ந்து, ஓராண்டு கையில் பணம் சேர்த்துக்கொண்டு பி.இ.க்குப் போகவும் வழியிருக்கிறது. அப்படி வருபவர்களுக்குப் பம்பு, வால்வு, சேற்றின் வாசனை எல்லாம் பழகியிருக்கும். வகுப்பில் அவர்கள் கேட்கும் கேள்விகளே வேறு மாதிரி இருக்கும்.

வேலை எங்கே என்பதையும் கல்லூரி தேர்ந்தெடுக்கும்போதே யோசிக்க வேண்டும், ஏனென்றால் பயிற்சிக்குப் போகும் இடம் கல்லூரியின் ஊரைப் பொறுத்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறை அங்கே கட்டாயமானது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஆர்.ஓ., ஆவியாக்கி எல்லாம் இரவு பகலாக ஓடுகின்றன. ஈரோடு, கோவையில் படிப்பவர்களுக்கு அது பேருந்தில் எட்டிவிடும் தூரம். வேலூர் பாகாயத்தில் படிப்பவருக்கு ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழில் பக்கத்தில். 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் உறுதியாகச் சொன்ன வழக்கே அந்தப் பகுதியிலிருந்து போனதுதான். சென்னையில் மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர் சுத்திகரிப்பு நிலையங்கள், கோயம்பேட்டில் கழிவுநீரைத் தொழிற்சாலைக்குத் தரும் அளவுக்குச் சுத்திகரிக்கும் நிலையம், பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் பழைய குப்பை மலையைப் பிரித்தெடுக்கும் பணி. இந்த இடங்களுக்கு மாணவர்களைக் கூட்டிப்போகும் ஆசிரியர் ஒருவர் இருக்கிறாரா என்பதை அந்தத் துறையின் சீனியர்களிடம் கேளுங்கள். கல்லூரியின் விளம்பரப் புத்தகத்தைவிட அது நிறையச் சொல்லும்.

கலந்தாய்வில் எத்தனை விருப்பங்கள் வேண்டுமானாலும் போடலாம், வரம்பு இல்லை. முதலில் வீட்டுக்கு எட்டும் தூரத்து அரசுக் கல்லூரிகளின் சிவில், கெமிக்கல், பிறகு மற்ற அரசுக் கல்லூரிகள், அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள், அரசு உதவி பெறும் பிரிவுகள், கடைசியாக ஆய்வகத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த சுயநிதிக் கல்லூரிகள். இந்த வரிசையில் நிரப்பிவிட்டு, தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் மேல்விருப்பத்துக்குக் காத்திருக்கும் வாய்ப்பையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். உறுதிசெய்யக் கொடுக்கும் கெடு குறுகியது. அந்த நாட்களில் ஊரில் இருங்கள், பதிவு செய்த கைப்பேசி எண்ணை மாற்றாதீர்கள்.